பனிக்காலமே நமக்கு விதைப்புக்காலம்

(புரட்டாசித் திங்களில் புது தில்லியில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில், இல்லத்தோட்டம் பற்றி ஆற்றிய உரை)





இவ்விழாவில் இலக்கியம் பேசப் புலவர் பெருமக்கள் வந்துள்ளனர். இன்னிசை வழங்கக் கலைஞர்கள் வந்துள்ளனர். இவர்களுக்கிடையே மண்ணையும் எருவையும் பற்றிப் பேச ஒருவன் வேண்டுமென்று செயலாளர் அவர்கள் எண்ணினார்கள் போலும், என்னை அழைத்தார்கள். நான் தோட்டக்கலை கற்றுத் தேர்ந்தவன் அல்லன். முப்பத்தெட்டு ஆண்டுகள் அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டியவன். மாலையிலும் விடுமுறை நாளிலும் என் கையில் இருந்தது களைக்கொத்து. கற்றவற்றுள் பெரும்பகுதியைச் செய்த பிழைகளிலிருந்தே கற்றேன். அப்பிழைகளை நீங்களும் செய்ய வேண்டா என்பதற்காகவே பேச இசைந்தேன்.

தில்லியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குப் பனிக்காலம் என்றாலே ஓர் அச்சம். கார்த்திகை பிறந்ததும் பெட்டியிலிருந்து கம்பளி ஆடைகளை எடுக்கிறோம். ரஜாயை வெயிலில் உலர்த்துகிறோம். கதவுகளை அடைத்துக்கொண்டு, இந்தப் பனி எப்போது தொலையும் என்று நாள் எண்ணுகிறோம். வாசலில் உள்ள நான்கு முழ மண்ணையும் பால்கனியில் உள்ள தொட்டிகளையும் மறந்து விடுகிறோம். சித்திரை வந்து வெயில் ஏறியபின் ஊர் நினைவு வருகிறது. கீரை விதை வாங்கித் தூவுகிறோம். வைகாசியில் ‘லூ’ என்னும் அனற்காற்று வீசுகிறது, முளைத்தவை கருகுகின்றன. உடனே, “இந்த ஊர் மண்ணே நமக்கு ஒத்துவராது” என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம்.

மண்ணின்மேல் குற்றம் இல்லை, அன்பர்களே. குற்றம் நாம் கையில் வைத்திருக்கும் பஞ்சாங்கத்தில் உள்ளது. அப்பஞ்சாங்கமும் பிழையானதன்று, அது வேறோர் ஊருக்கு எழுதப்பட்டது, அவ்வளவே.

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றில் புதுப்புனல் வரும் காவிரி நாட்டிற்கு அது பொன்மொழி. தில்லியிலும் ஆடியில் சில விதைக்கலாம். ஆயினும் இங்கே இல்லத்தோட்டத்திற்குரிய பெரும்பட்டம் ஐப்பசியாகும். தென்மேற்குப் பருவமழை செப்டம்பர் இறுதியில் இவ்வூரை விட்டு விடைபெறுகிறது. மண்ணில் ஈரம் நிற்கிறது. வெயிலின் கடுமை தணிகிறது. வடநாட்டு உழவர் கோதுமையும் கடுகும் கொண்டைக்கடலையும் விதைக்கும் ‘ரபி’ப் பட்டம் இதுவே. உழவன் வயலில் இறங்கும் வேளையில் நாம் கதவை அடைத்துக்கொள்வது எவ்வாறு பொருந்தும்?

இதனை நான் உணர்ந்த வரலாறு சிறிது துயரமானது. அதனைக் கூறாமல் மேலே செல்ல இயலவில்லை.

நான் 1978-ஆம் ஆண்டு, இருபத்திரண்டாம் அகவையில் தில்லிக்கு வந்தேன். 1986-இல் என் தந்தையார் மறைந்தார்கள். அவ்வாண்டு ஆவணியில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் சிற்றூரை விட்டு என் தாயார் எங்களோடு வாழ வந்தார்கள். வரும்போது ஒரு கறிவேப்பிலைக் கன்றை ஈரத்துணியில் சுற்றி, இரயிலில் வழி முழுவதும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்கள். கொல்லையில் தந்தையார் நட்டு வளர்த்த மரத்தின் வேரில் கிளைத்த பக்கக்கன்று அது. எங்கள் அரசுக் குடியிருப்பின் பின்புறத்தில் அதனை நட்டோம். புரட்டாசியில் தளிர்த்தது. அம்மாவின் முகமும் சற்றுத் தெளிந்தது.

கார்த்திகையில் இலைகள் மஞ்சளித்தன. பின்னர் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நான் பதறினேன். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று நீர் ஊற்றினேன். நோயாளிக்கு ஊட்டம் வேண்டுமே என்று எண்ணி ஒரு கைப்பிடி யூரியாவும் இட்டேன். மார்கழி நடுவில் தண்டு கறுத்தது. பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுவதும் அழுகியிருந்தது.

அம்மா ஒரு சொல்லும் கூறவில்லை. குழியைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டு உள்ளே சென்றார்கள். மாசி வரையில் அவர்கள் வாசற்படியைத் தாண்டவில்லை.

எங்கள் குடியிருப்பின் பூங்காவில் வேலை செய்த மாலி ஒருவர் இருந்தார். கதையைக் கேட்டுவிட்டு அவர் கூறினார்: “பாபுஜி, அது தூங்கிக்கொண்டிருந்தது. தூங்குகிறவனை எழுப்பி ஏன் சோறு ஊட்டினீர்கள்?”

அவ்வொரு வாக்கியத்தில் பனிக்காலத் தோட்டக்கலையின் பாதி அடங்கியுள்ளது. கறிவேப்பிலை வெப்ப நாட்டு மரம். இரவுக் குளிர் மிகுந்தால் அதன் வளர்ச்சி நிற்கிறது, இலை உதிர்கிறது, வேர் நீர் உறிஞ்சுவது மிகக் குறைகிறது. அந்நிலையில் ஊற்றும் நீர் வேரடியிலேயே தங்குகிறது. காற்று புகாத ஈரமண்ணில் வேர் அழுகுகிறது. பனி கொன்றது என்று நாம் கூறுகிறோம். என் வீட்டுக் கன்றைக் கொன்றது பனியன்று, என் குடம்.

ஆகவே நண்பர்களே, பனிக்காலத்தில் நம் செடிகளை இரு வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, வாழை, செம்பருத்தி, துளசி ஆகியவை உறங்குவன. வெந்தயக்கீரை, பாலக்கீரை, கொத்துமல்லி, முள்ளங்கி, காரட், பீட்ரூட், நூல்கோல், பட்டாணி, முட்டைக்கோசு, காலிஃபிளவர் ஆகியவை விழித்திருப்பன. உறங்குவதை உறங்க விட வேண்டும். விழித்திருப்பதற்கு வேலை கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக நடத்துவதே நம் தவறு.

தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தனர். அவற்றுள் கூதிர், முன்பனி, பின்பனி என்னும் மூன்று பொழுதுகள் தில்லித் தோட்டத்திற்கு மிகப் பொருத்தமாக அமைந்துள்ளன. கூதிரில் விதைப்பு, முன்பனியில் காப்பு, பின்பனியில் பயனும் மறுவிதைப்பும். இவ்வரிசையிலேயே கூறுகின்றேன்.

முதலாவது கூதிர், ஐப்பசியும் கார்த்திகையும்.

விதைப்பதற்குமுன் வெயில் எங்கே விழும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 21-ஆம் நாள் நண்பகலில் சென்னையில் கதிரவன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை உயரத்தில் நிற்கிறான். தில்லியிலோ 38 பாகைக்குமேல் ஏறுவதில்லை. அதனால் பத்தடிச் சுவர் ஒன்றின் நிழல் சென்னையில் ஏழரை அடி நீளும்; தில்லியில் 13 அடி நீளும். புரட்டாசியில் வெயில் குளித்த பாத்தி மார்கழியில் நாள் முழுவதும் சுவர் நிழலில் கிடக்கக்கூடும். தெற்கு நோக்கிய பால்கனி உள்ளவர்கள் பேறு பெற்றவர்கள். சாய்ந்த வெயில் வீட்டுக்குள்ளேயே வரும். கிழக்கு நோக்கிய பால்கனியில் காலை வெயில் மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தாலும் கீரை வளரும். வடக்கு நோக்கியவர்கள் மொட்டைமாடிக்குச் செல்வதே நலம்.

பகல் குறுகுமே, செடி வளருமா என்று ஐயுற வேண்டா. பகற்பொழுது பத்து மணிக்குக் கீழ் குறைந்தால் செடியின் வளர்ச்சி ஏறத்தாழ நின்றுவிடும் என்பது தோட்டக்காரர் கணக்கு. இலண்டனில் டிசம்பர் இறுதியில் பகல் எட்டு மணிக்கும் குறைவு. அங்கே தோட்டம் உறைந்து கிடக்கும். தில்லியில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் பத்து மணி 19 நிமிடம் அளவு உள்ளது. ஆதலின் இங்கே செடி நிற்பதில்லை. நடையைச் சற்றுத் தளர்த்துகிறது. குளிர் முற்றுமுன் அது வேரூன்றி ஒரு சாண் வளர்ந்துவிட வேண்டும் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. ஐப்பசியில் விதைத்த கொத்துமல்லி பத்து நாளில் முளைக்கும்; மார்கழியில் விதைத்தால் மூன்று வாரம் வரையில் காக்க வைக்கும்.

விதைக்கு எங்கே போவது என்று தாய்மார்கள் கேட்கலாம். உங்கள் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து பாருங்கள். வெந்தயம் இருக்கிறது, கடுகு இருக்கிறது, பக்கத்து டப்பாவில் தனியா இருக்கிறது. வெந்தயத்தை ஓர் இரவு ஊறவைத்துத் தூவினால் நான்கைந்து நாளில் முளை காட்டும். ஒரு மாதத்தில் கீரை கிள்ளலாம். தனியாவை உள்ளங்கையால் தேய்த்து இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். தோட்டமண் இரண்டு பங்கு, நன்கு மக்கிய எரு ஒரு பங்கு, மணல் அரைப் பங்கு கலந்த ஓர் அகன்ற தொட்டி போதும். அடியில் நீர் வடியத் துளை இருக்க வேண்டும்.

காரட்டையும் முள்ளங்கியையும் இருக்கும் இடத்திலேயே விதையுங்கள். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் கிழங்கு கிளைத்துக் கோணலாகும். பட்டாணியை ஐப்பசியில் ஊன்றி, இரண்டடி உயரத்தில் குச்சி நட்டுக் கொடுங்கள். நூல்கோல் நம்மவர்க்கு மிக உகந்தது. இங்கே ‘காண்ட் கோபி’ என்பார்கள். நாற்றாக வாங்கி ஒரு சாண் இடைவெளியில் நட்டால் இரண்டு மாதத்தில் குழம்புக்கு ஆகும்.

காலிஃபிளவரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். அது நம் நாட்டுக்கு வந்த விருந்தாளி. 1822-ஆம் ஆண்டில் சகாரன்பூரில் இருந்த கம்பெனித் தோட்டத்தில் அது முதலில் பயிரிடப்பட்டதாகத் தோட்டக்கலை நூல்கள் குறிக்கின்றன. அவ்வாறு வந்தவற்றுள் ஒரு கிளை, தலைமுறை தலைமுறையாக வடநாட்டு வெப்பத்திற்குப் பழகி, வேனில் முடிவிலேயே விதைத்துப் பனிக்குமுன் பூப்பிடிக்கும் இந்திய இனமாக மாறிவிட்டது. மற்றொரு வகையாகிய ‘ஸ்நோபால்’ இன்றும் நல்ல குளிர் பட்டால்தான் பூத்தலை வைக்கும். ஆகவே நாற்று வாங்கும்போது எந்த இனம் என்று கேளுங்கள். ஐப்பசி இறுதியில் நடுவதற்கு ஏற்றது ஸ்நோபால். ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள். ஐந்து வாரத்திற்கு மேற்பட்ட முதிர்ந்த நாற்றை நட்டால் பொத்தான் அளவில் பூ வைத்து நின்றுவிடும். பூ எலுமிச்சை அளவு ஆனதும் அச்செடியின் இலைகளையே மேலே மடக்கி நூலால் தளர்வாகக் கட்டுங்கள். வெயில் படாமல் பூ வெண்மையாக இருக்கும்.

நல்ல விதைக்கு நம் ஊரிலேயே பெரியதொரு கருவூலம் உள்ளது. பூசா என்று நாம் அழைக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தைக் கூறுகின்றேன். அது 1905-ஆம் ஆண்டில் பீகாரில் உள்ள பூசா என்னும் ஊரில் தொடங்கப்பெற்றது. 1934-ஆம் ஆண்டின் நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் சிதைந்தன. 1936-இல் தில்லிக்கு வந்தது. நம்மைப் போலவே புலம்பெயர்ந்து வந்து, வந்த இடத்திலும் தன் ஊர்ப்பெயரை விடாமல் வைத்திருக்கிறது. ‘பூசா’ என்று தொடங்கும் காரட், வெந்தயக்கீரை, பாலக்கீரை வகைகள் இம்மண்ணிலும் இக்குளிரிலும் பார்த்துத் தேர்ந்தவை. ஊரிலிருந்து கொண்டுவந்த விதை முளைக்கவில்லையே என்று வருந்துவோர் இவற்றை ஒருமுறை விதைத்துப் பார்க்க வேண்டும்.

மீண்டும் என் தாயாரிடம் வருகிறேன். மறு ஆண்டு, 1987 ஐப்பசியில், மாலியின் சொற்படி பின்புறத்தில் மூன்று பாத்தி கட்டினேன். அம்மா கதவருகில் நின்று பார்த்தார்கள். “ஏன் தம்பி, பனி கொட்டப்போகிற நேரத்தில் விதைக்கிறாயே, முளைக்குமா?” என்று கேட்டார்கள். “தெரியவில்லை அம்மா, பார்ப்போம்” என்றேன். ஆறாம் நாள் காலையில் நான் எழுமுன் அவர்களே சென்று பார்த்திருக்கிறார்கள். வெந்தயம் முளைத்திருந்தது. அன்று அவர்கள் என்னை எழுப்பிய குரலில் ஓராண்டாக நான் கேளாத தெம்பு இருந்தது.

அந்தப் பனிக்காலம் முழுவதும் காலை பத்து மணிக்கு மேல், கால்களில் உறை, தலையில் கம்பளி, கையில் களைக்கொத்து என்று அவர்கள் பாத்தியருகில் வெயிலில் அமர்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டில் பஞ்சாபிக் குடும்பம் ஒன்று இருந்தது. அவ்வீட்டு அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. என் தாயாருக்கு இந்தி தெரியாது. கடுகுக் கீரை இவ்வேலியைத் தாண்டி வந்தது. கீரை மசியல் அவ்வேலியைத் தாண்டிச் சென்றது. தைத்திங்களுக்குள் இருவரும் ஒருவர் பேசுவது மற்றவர்க்கு விளங்கும் அளவிற்கு ஒரு மொழியைத் தாமே அமைத்துக்கொண்டார்கள். அதற்கு இலக்கணம் எழுத எந்தப் புலவராலும் இயலாது.

இரண்டாவது முன்பனி, மார்கழியும் தையும்.

தில்லியின் சனவரி இரவுகளில் சராசரியாக 7 அல்லது 8 பாகை செல்சியஸ் குளிர் இருக்கும். சில இரவுகளில் அதனினும் மிகக் கீழே இறங்கும். 1935 சனவரி 16 அன்று சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் சுழியத்திற்குக் கீழே 0.6 பாகை பதிவாயிற்று. 2021 புத்தாண்டு நாள் விடியலில் 1.1 பாகை பதிவாயிற்று. இத்தகைய இரவுகள் சிலவே. ஆயினும் ஓரிரவு போதும், ஓராண்டு உழைப்பைக் கருக்குவதற்கு.

எந்த இரவுக்கு அஞ்ச வேண்டும்? மேகம் மூடிய இரவுக்கன்று. வானம் தெளிந்து, காற்று அசையாமல், விண்மீன்கள் பளிச்சிடும் இரவுக்கே. பகலில் மண் வாங்கிய வெப்பத்தை இரவில் வானத்தை நோக்கி வெளிவிடுகிறது. மேகம் இருந்தால் அது போர்வைபோல் ஒரு பகுதியைத் திருப்பித் தருகிறது. இல்லையேல் அனைத்தும் போய்விடுகிறது. மேகத்தின் வேலையை நாம் ஒரு பழைய புடைவையால் செய்யலாம். மாலையில் நான்கு குச்சி நட்டு, செடியில் படாமல் புடைவையை மேலே போர்த்துங்கள். காலையில் வெயில் வந்ததும் எடுத்துவிடுங்கள். இவ்வூர்ப் பெண்கள் துளசிமாடத்தில் சிவப்புத் துணி போர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். பக்தியும் அறிவும் ஒருங்கே அமைந்த செயல் அது. தொட்டிச் செடிகளைத் திறந்த வெளியிலிருந்து பால்கனிக் கூரையின் கீழ் நகர்த்துவதும் அதே பயனைத் தரும்.

காய்கறிப் பாத்தியில் மண் சற்று ஈரமாக இருப்பது நல்லது. ஈரமண் வெப்பத்தை மிகுதியாகச் சேமிக்கும். உறங்கும் செடிகளின் தொட்டிக்கு இது பொருந்தாது. அங்கே விரலை இரண்டங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் நீர் வேண்டா. எந்தச் செடிக்கும் காலை பத்து மணிக்கு மேலேயே நீர் விடுங்கள். வெயில் தலைகாட்டாத நாட்களும் உண்டு. 2019 டிசம்பர் 30 அன்று பகலின் உச்ச வெப்பமே 9.4 பாகை. அத்தகைய நாளில் பூவாளியைத் தொடாதீர்கள். உறங்கும் செடிக்கு எருவும் வேண்டா, கத்தரியும் வேண்டா. வெட்டினால் இளந்தளிர் விடும், அத்தளிரைப் பனி கருக்கும்.

பட்டாணி இலை பனியைத் தாங்கும். அதன் பூவும் பிஞ்சும் தாங்கா. ஆதலின் உறைபனி இரவில் பூத்த பட்டாணிக்கும் போர்வை தேவை. வானம் மூடிக்கிடக்கும் நாட்களில் கடுகிலும் கோசிலும் அசுவினிப் பூச்சி அடை அடையாக மொய்க்கும். வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவுங்கள். அதற்கும் அடங்காவிடில், ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து இலையின் அடிப்புறத்தில் படுமாறு தெளியுங்கள். இந்நாளில் தில்லியின் புகைமூட்டம் இலைகளின்மேல் கரிய தூசியாகப் படிகிறது. வாரம் ஒருமுறை வெயில் வந்தபின் இலைகளைக் கழுவிவிடுவது செடிக்கும் நல்லது. பறிக்கும் கீரையை நன்றாக அலசுவது நமக்கும் நல்லது.

பொங்கலுக்கு இஞ்சிக் கொத்தும் மஞ்சள் கொத்தும் கடையில் தேடி அலைகிறோம். வைகாசியில் ஒரு மஞ்சள் கிழங்கைத் தொட்டியில் புதைத்து, மார்கழி பிறந்ததும் தெற்குச் சுவரோரம் நகர்த்தி வையுங்கள். இலை நுனி சற்றுக் காய்ந்திருந்தாலும் பானையில் கட்ட நம் வீட்டு மஞ்சளே கிடைக்கும். ஆடியில் ஊன்றிய அவரைக்கொடியும் இக்காலத்தில்தான் காய்க்கும். பகல் குறுகினால் பூக்கும் இயல்புடையது அது. ஊரிலும் பொங்கல் அவரை, இங்கும் பொங்கல் அவரை. இரண்டு பஞ்சாங்கங்களும் ஒன்றுபடும் இடம் இது.

மூன்றாவது பின்பனி, மாசியும் பங்குனியும்.

உழைப்பின் பயனை வாரி எடுக்கும் காலம் இது. குடியரசுத்தலைவர் மாளிகையின் பதினைந்து ஏக்கர்த் தோட்டம் பிப்ரவரியில் மக்களுக்குத் திறக்கப்படுவதை அறிவீர்கள். முகலாயத் தோட்டம் என்று நாம் அழைத்து வந்த அதற்கு 2023 சனவரியில் அமிர்த உத்யானம் என்று பெயரிட்டனர். அங்கே பெட்டூனியாவையும் பான்சியையும் டேலியாவையும் கண்டு வியந்து வருகிறோம். மாசியில் மலரும் அப்பூக்கள் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் நாற்றாகத் தொடங்கியவை என்பதை நினைவிற்கொள்ளுங்கள். இம்மாதத்தில் ஆறு நாற்று வாங்கித் தொட்டியில் வைத்தால் மாசியில் உங்கள் பால்கனியிலும் அவை மலரும். கடுகுப் பிண்ணாக்கை நான்கைந்து நாள் நீரில் ஊறவைத்து, தேநீர் நிறத்திற்கு நீர்த்து, இரு வாரத்திற்கு ஒருமுறை ஊற்றினால் போதும். வாடைக்கு மட்டும் அண்டை வீட்டாரிடம் முன்னரே மன்னிப்புக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தை இறுதியிலேயே பாகல், புடலை, சுரை விதைகளைச் சிறு பைகளில் ஊன்றி வெயில்படும் சன்னலில் வைத்து, மாசி நடுவில் மண்ணுக்கு மாற்றுங்கள். ‘லூ’ வருமுன் அவை வேரூன்றிக் காய்க்கத் தொடங்கிவிடும். சித்திரையில் தொடங்குபவனுக்குக் கருகும் கொடி, தையில் தொடங்குபவனுக்குக் காய்க்கும். மாசியில் மல்லிகையைக் கவாத்துச் செய்து எரு இடுங்கள். அதன் உறக்கம் கலையும் நேரம் அது. பங்குனி பிறந்தால் மொட்டையாய் நின்ற கறிவேப்பிலையும் தளிர்க்கும்.

எங்கள் வீட்டிலும் தளிர்த்தது. 1987-இல் நாற்றங்காலில் வாங்கிய மற்றொரு கறிவேப்பிலைக் கன்றை அம்மா நட்டிருந்தார்கள். கார்த்திகையில் அதன் இலை உதிர்ந்தபோது நான் குடத்தை எடுத்தேன். “விடு தம்பி, அது தூங்கட்டும்” என்றார்கள். பங்குனியில் அது துளிர்த்த அன்று ஊரிலுள்ள தம் தங்கைக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னார்கள். அவர்கள் கூற நான் எழுதினேன். “எங்கள் ஊரில் கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது” என்றார்கள். ‘எங்கள் ஊர்’ என்று அவர்கள் தில்லியைக் குறித்தது அதுவே முதன்முறை. நான் ஒன்றும் கேளாமல் எழுதி முடித்தேன்.

பதினொரு பனிக்காலங்கள் அவர்கள் அப்பாத்தியருகில் அமர்ந்தார்கள். 1998-இல் மறைந்தார்கள். மரம் கூரையளவு உயர்ந்து, அக்குடியிருப்பின் தமிழ் வீடுகள் அனைத்திற்கும் இலை கொடுத்தது. 2016-இல் நான் ஓய்வுபெற்று வீட்டை ஒப்படைத்தேன். தில்லியின் பழைய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் பன்மாடி வீடுகள் எழுந்து வருவதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் குடியிருப்பும் அவற்றுள் ஒன்று. பின்னர் ஒருநாள் அவ்வழியே சென்றேன். மரமும் இல்லை, பாத்தி இருந்த இடமும் அடையாளம் தெரியவில்லை.

ஆயினும் நான் அழவில்லை. கறிவேப்பிலை, வேரிலிருந்து பக்கக்கன்று விடும் மரம். வீட்டை விடுமுன் இரண்டு பருவங்களில் ஒன்பது கன்றுகளைப் பெயர்த்து ஒன்பது வீடுகளுக்குக் கொடுத்திருந்தேன். அவற்றுள் ஒன்று இன்று என் மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒரு தொட்டியில் உள்ளது. மற்றவற்றை வைத்திருப்போர் சிலர் இவ்வரங்கிலேயே அமர்ந்திருக்கிறார்கள். வரும் கார்த்திகையில் அவற்றின் இலை உதிரும். அவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: குடத்தை எடுக்காதீர்கள்.

நம் பிள்ளைகளுள் பலர் இவ்வூரிலேயே பிறந்தவர்கள். அவர்களுக்கு ஆடிப்பெருக்கைக் கதையாகத்தான் கூற முடியும். ஐப்பசி விதைப்பைக் கையில் கொடுக்க முடியும். இன்றிரவு வீடு திரும்பியதும் ஒரு பிடி வெந்தயத்தை உங்கள் பிள்ளையின் கையாலேயே நீரில் ஊறவையுங்கள். நாளைக் காலையில் ஒரு தொட்டியில் தூவச் செய்யுங்கள். ஆறாம் நாள் அப்பிள்ளை உங்களை எழுப்பும். அக்குரலைக் கேட்டபின் பனிக்காலம் எப்போது தொலையும் என்று நீங்கள் நாள் எண்ண மாட்டீர்கள்.